மேசைக்கு வைத்த பொட்டு

விரலால் தட்டிப் பார்த்ததுதான் தப்பு. கண்ணால் பார்த்ததோடு நின்றிருந்தால் இந்நேரம் இரண்டாவது டம்ளர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விஜயதசமிக் காலையை விஜயதசமிக் காலையாகவே அனுபவித்துக்கொண்டிருக்கலாம். சென்னியப்பன் ஷெட்டுக்குள் வந்தது வேலை செய்வதற்கு இல்லை, செய்யவும் கூடாது. நேற்று ஆயுத பூஜையில் வைத்த சாமான்களை இன்றைக்கு மறுபூஜை ஆகும்வரை யாரும் எடுக்கக் கூடாது. வந்தது சும்மா பார்க்க. ஷெட்டின் நடுவில் மேசை கிடந்தது. ஏழடி நீளம், இரண்டு ஓரமும் தூங்குமூஞ்சி மரப்பலகை, நடுவில் பவானி ஆறு மாதிரி வளைந்துபோகிற, ஊற்றி இறுகவைத்த நீல ரெசின், கீழே கறுப்பு வர்ணம் அடித்த இரும்புக் கால்கள். வாசல் தூணில் கட்டிய வாழைக்கன்றின் நிழல் ரெசினில் விழுந்து ஆற்றுக்குள் வாழை ஆடுவதுபோல ஆடியது. அழகாக இருக்கிறது என்று நினைத்தார், தன் கையால் செய்ததைத் தானே அப்படி நினைக்கலாமா என்றும் நினைத்தார், யாரும் இல்லையே, நினைக்கலாம். ஆற்றின் மேலே தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை மனைவி கோகிலா நேற்று வைத்த சந்தனமும் குங்குமமும் வரிசையாக ஒரு படகுக் கூட்டம் மாதிரி நின்றன. அதில் ஒன்று காய்ந்து விளிம்பு தூக்கி அப்பளமாக நின்றது. விழப்போகிறதுதானே என்று நகத்தால் லேசாகத் தட்டினார். விழுந்தது. விழுந்த இடத்தில் இன்னொரு பொட்டு இருந்தது, பஞ்சுமிட்டாய் நிறத்தில், விளிம்பு கலங்கி. வாயால் ஊதி வேட்டி நுனியால் துடைத்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். மேலே இருந்த பொட்டு கழன்றுவிட்டது, கீழே இருந்தது கழலவில்லை, அது மேலே இல்லவே இல்லை, ரெசினுக்குள் இறங்கியிருக்கிறது.

மேசை நாச்சிமுத்துவுக்கு. சென்னியப்பன் மீசை முளைத்த காலத்திலிருந்து ஸ்டோர்ஸில் சாமான் கணக்குப் பார்த்த பம்ப்செட் கம்பெனிக்கு முதலாளி அவர். வேலையை விடுகிறேன் என்று போய் நின்றபோது மனிதர் கோபப்படவில்லை, காரணம் கேட்கவில்லை, ரெசின் என்றால் என்ன என்று மட்டும் கேட்டார், சொன்னதும் அரை மனதாகத் தலையாட்டி, போய்ட்டு வா சென்னி, உன் நாற்காலியை அப்படியே வெச்சிருக்கேன் என்றார். அதில் அன்பு இருந்ததா கேலி இருந்ததா என்று இரண்டு வருஷமாக யோசித்தும் பிடிபடவில்லை. நாற்காலி என்றால் பச்சை ரெக்சின் நாற்காலி. இடுப்புக்கு நேராக ஒரு ஸ்பிரிங் துணியைக் கிழிக்காமல் துணிக்கு அடியிலிருந்தே குத்தும், எப்படி நகர்ந்து உட்கார்ந்தாலும் தேடி வந்து குத்தும். இப்போதும், வேலையை விட்ட பிறகும், ஏதாவது தப்பாகப் போகும்போது அந்த இடத்தில் குத்துகிறது, இதோ குத்துகிறது. வெளியே வந்து இதுவரை செய்தது தட்டு, கடிகாரம், வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை, பூவை உள்ளே வைத்த சாவிக்கொத்து. பெரிய வேலை என்று வந்தது இது ஒன்றுதான், அதுவும் நாச்சிமுத்துவே கூப்பிட்டுக் கொடுத்தது. புது மீட்டிங் ரூமுக்கு வேணும், ஆனா ஒரு பேச்சு என்றார். மேசை நல்லா இருந்தா மேசை எனக்கு, இல்லாட்டி நீ எனக்கு. மேனேஜர் சிரித்தார், டிரைவர் சிரித்தார், சென்னியப்பனும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கோகிலாவிடம், இந்த மேசை போகலைன்னா நான் போயிடறேன் என்று சொன்னார். சொன்னது சொன்னதுதான். ஹாஸ்டலில் இருக்கிற மகள் தாரிணிக்குக் காலேஜில் கடைசி வருஷம், சாவிக்கொத்தை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது. முதலாளி இன்றைக்கு ராகுகாலம் போனதும் வண்டியோடு வருகிறார். விஜயதசமியன்று புதுப்பொருள் இடம் சேர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

கோகிலா வீட்டில் இல்லை. சரவணம்பட்டியில் அவள் தங்கை பேத்திக்கு அரிசியில் எழுத வைக்கிறார்கள், விடிந்ததும் போய்விட்டாள், ராகுகாலம் தொடங்குவதற்குள் வந்து மறுபூஜை போட்டுவிடுகிறேன், அதுவரைக்கும் எதையும் எடுத்துடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள், அவள் சொல்லாவிட்டாலும் அவர் எடுக்கமாட்டார். முப்பது வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவருக்கு எடுக்கக் கூடாததை எடுக்காமல் இருப்பது உடம்பிலேயே ஊறியிருந்தது. ஆனால் இன்றைக்கு எடுக்கத் தேவையான சாமான் எல்லாம் எடுக்கக் கூடாத இடத்தில் இருந்தன. பெஞ்சின் மேல் டிரில், மரம் தேய்க்கிற சாண்டர், பாலிஷ் மெஷின், எடைத் தராசு, கலக்குகிற வாளி, கையுறைப் பெட்டி, முகத்தில் மாட்டுகிற மாஸ்க், எல்லாவற்றுக்கும் நெற்றி இருப்பதாகக் கற்பனை செய்து நெற்றியில் பொட்டு. ஐபிஏ கேனுக்கும் பொட்டு. ரெசின் தொழில் செய்கிறவர்கள் கடையில் ஐபிஏ என்று கேட்டு வாங்குகிற ஆல்கஹால் அது, இறுகிய ரெசின் மேல் எண்ணெய், மை, பசை எது இருந்தாலும் நோகாமல் எடுப்பதற்கு அதைவிடச் சாதுவான சாமான் கிடையாது, இப்போது அதுவும் மூடிக்குக் கீழே பொட்டு வைத்துக்கொண்டு பிள்ளையார் பக்கத்தில் பவ்யமாக உட்கார்ந்திருந்தது. ஒரு எட்டில் எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. பிள்ளையாருக்குத் தெரியும். கோகிலாவுக்கும் தெரிந்துவிடும், எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது, தெரியும்.

குங்குமம் மட்டும் என்றால் இப்படி ஆகியிருக்காது. பொடிதானே, ஈரத்துணியில் வந்துவிடும். கோகிலா குங்குமத்தை நல்லெண்ணெய் விட்டுக் குழைப்பாள். அது அவள் பிறந்த வீட்டு வழக்கம், காங்கயம் பக்கம் அவள் அப்பாவுக்கு அரிசி மில், மில் ஓடுகிற அதிர்ச்சிக்குக் காய்ந்த குங்குமம் அன்றைக்கே உதிர்ந்துவிடும், எண்ணெயில் குழைத்து வைத்தால் அடுத்த ஆயுத பூஜைவரைக்கும் மோட்டார் மேல் நிற்கும். கல்யாணமான புதிதில் மாமனார் மோட்டாரைக் காட்டி, மாப்பிள்ளை, போன வருசத்துப் பொட்டுங்க, பாருங்க என்று பெருமையாகச் சொன்னார், அவரும் குனிந்து பார்த்து மரியாதையாக வியந்தார். நிற்பதற்காகவே செய்த பொட்டு. இங்கேயும் நின்றுவிட்டது, அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் ரெசின் மேலா என்றால் அதுவும் இல்லை. ரெசின் இறுகிவிட்டது, நகம் இறங்காது, தட்டினால் கண்ணாடிச் சத்தம் வரும், ஆனால் இறுகியது வேறு முழுசாக முற்றியது வேறு. கடைசிப் பூச்சு ஊற்றி இரண்டு வாரம்தான் ஆகிறது, மேல் தோல் ஒரு மாசம்வரைக்கும் பிஞ்சுதான், எண்ணெயில் கரைந்த சாயத்தைக் கொடுத்தால் குழந்தை மாதிரி வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். நேற்று அவள் பித்தளைக் கிண்ணத்தோடு மேசையை நோக்கி வந்தபோதும் தெரியும். அப்போது அவர் கையில் கற்பூரத் தட்டு இருந்தது, அவள் முகத்தில், இவ்வளவு பெரிசை நம்ம வீட்ல செஞ்சிருக்கோம் என்கிற சந்தோஷம் இருந்தது, அந்த முகத்தைப் பார்த்து, அம்மிணி, அதுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆண்பிள்ளை கோயம்புத்தூர் ஜில்லாவில் யாராவது இருந்தால் வரட்டும்.

வீட்டுக்குள் போனார். எதற்குப் போனோம் என்று தாரிணியின் அறைக்குள் நின்ற பிறகுதான் தெரிந்தது. அலமாரியின் இழுப்பறையில், ஹேர் கிளிப்புகளுக்கும் காதறுந்த ஹெட்போனுக்கும் நடுவில், நெயில் பாலிஷ் ரிமூவர். அதற்குப் பொட்டு இல்லை. அது ஆயுதம் இல்லை, பூஜையில் இல்லை, அதை எடுத்தால் எந்தச் சாமியும் கேட்காது. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கின் வேர்வரை போனது, கண் ஓரம் குளிர்ந்தது. அசிட்டோன். ஒரே துடைப்பு, பஞ்சில் நனைத்து ஒரே ஒரு துடைப்பு, சாயம் இருந்த இடம் தெரியாது. சாயம் மட்டுமா இருந்த இடம் தெரியாது, பளபளப்பும் இருந்த இடம் தெரியாது. பொள்ளாச்சி அம்மாள் ஒருவருக்குச் செய்த தட்டு ஞாபகத்துக்கு வந்தது, வேண்டாம் என்றாலும் வந்து நின்றது. கூரியர்காரர் ஸ்கெட்ச் பேனாவால் பெட்டியில் எழுதுவதாக நினைத்துத் தட்டின் மேலேயே எழுதிவிட்டார், சென்னியப்பன் அவசரத்துக்கு இதே இனத்துத் தின்னரால் துடைத்தார், எழுத்து போனது, எழுத்தோடு வெளிச்சமும் போய்த் தட்டு முழுக்கக் கண்புரை விழுந்தமாதிரி வெள்ளையாகிவிட்டது. சூப் ஊற்றிய தட்டு மாதிரி இருக்குங்க என்று கோகிலா சொன்னாள். அந்தத் தட்டில்தான் இன்றுவரை வெங்காயம் பூண்டு வைத்திருக்கிறது. ஏழடி நீளத்துக்குக் கண்புரை விழுந்தால் எத்தனை வெங்காயம் வைக்கலாம் என்று யோசித்தார், மீட்டிங் ரூமில் நாச்சிமுத்து வெங்காயக் குவியலுக்குப் பின்னாலிருந்து கூட்டம் நடத்துவது தெரிந்தது, பயத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. மூடியைத் திருகி மூடினார். இழுப்பறையில் வைத்தார். இழுப்பறையை மூடியபின் ஒருதரம் திறந்து, குப்பியின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். இடுப்பில் ஸ்பிரிங் லேசாகக் குத்தியது, பச்சை ரெக்சின், வியர்த்தால் ஒட்டிக்கொண்டு எழும்போது சர்ரென்று சத்தம் போடும், அந்தச் சத்தம்கூட இப்போது கேட்டது.

மறுபடி ஷெட். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை எப்படி மறந்தார். காமாட்சி விளக்கு, நேற்று மாலை ஏற்றியது, காலையில் போகும்போது கோகிலா எண்ணெய் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், ஐபிஏ கேனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பிள்ளையாரும் கொஞ்சம் பொரியும்தான் இடைவெளி. மூடின கேன், மூடிதான் இருக்கிறது, மூடினவரைக்கும் பயம் இல்லை. திறந்தால்தான். அதன் ஆவி மேலே போகாது, தரையோடு தவழும், விளக்கு எங்கே இருக்கிறது என்று தேடிப்போய்ச் சேரும், கையில் துணியோடு நிற்கிற மனிதன் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆக முதலில் விளக்கை அணைக்க வேண்டும். அணைக்க என்று சொல்லக் கூடாது. ஆயுத பூஜை விளக்கை அணைக்க என்று மனசில்கூடச் சொல்லக் கூடாது, மலையேற்ற, குளிரவைக்க. சரி, குளிரவைத்துவிட்டு அப்புறம் பொட்டை அழிக்க. அழிக்க என்றும் சொல்லக் கூடாது, குங்குமத்தை அழிக்கிறேன் என்று கட்டிய மனைவியைப் பார்த்து ஒரு மனிதன் எப்படிச் சொல்வான், நாக்கு வருமா. எடுக்கிறேன் எனலாம். துடைக்கிறேன், அதுவும் சரியில்லை. அவள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றியதும் சொல்லப்போகிற வாக்கியத்தை ஒரு தரம் கட்டிப் பார்த்தார். கோகிலா, மேசையில நீ வெச்ச குங்குமத்தை. அங்கேயே நின்றது. கோகிலா, அந்த விளக்கைக் கொஞ்சம். அதுவும் நின்றது. சாதாரண நாளில் எந்தச் சிக்கலும் இல்லாத வேலைக்கு இன்றைக்குச் சொல்வதற்கே ஒரு சொல் இல்லை.

அவளுக்கு ஐபிஏ மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் உண்டு. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மழைநாளில் ஷெட் கதவை மூடிக்கொண்டு பகல் முழுக்க அதை வைத்து ரெசின் ஊற்றுகிற அச்சுகளைத் துடைத்தார். சாயங்காலம் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரித்தாராம், அவருக்கு ஞாபகம் இல்லை. அவள் கிட்டே வந்து சட்டையை மோந்து பார்த்தாள். ராத்திரி சோறு போடும்போது, கம்பெனில இருந்தவரைக்கும் இந்தப் பழக்கம் இல்லை என்று சாம்பார் வாளியிடம் சொன்னாள். கேனைக் கொண்டுவந்து காட்டி, லேபிளைப் படித்துக் காட்டி, மேசை துடைக்கிற சமாச்சாரம் இது, குடித்தால் ஆஸ்பத்திரிதான் என்று விளக்கி, தலை சுற்றியது ஆவியால் என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு நிலைமை வேறு விதமாகிவிட்டது. இப்போது அவர் கேனைத் தொட்டால் போதும், வீட்டுக்குள் இருந்தபடியே, ஷட்டரைத் தூக்கியாச்சா, கைக்கு மாட்டியாச்சா என்று குரல் வரும். நல்லதுதான். அந்தக் குரல் இல்லாமல் ஷெட் இன்றைக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கோகிலாவுக்குப் போன் பண்ணினார். பின்னால் நாதஸ்வர டேப்பும் குழந்தை அழுகையும் கேட்டன. குழந்தை அரிசியில் எழுதமாட்டேன் என்கிறதாம், கையைப் பிடித்தால் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறதாம், அது எழுதாமல் எப்படிக் கிளம்புவது. ராகுகாலம் என்று ஞாபகப்படுத்தினார். தெரியுமுங்க, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது என்றாள். ஒன்றுமில்லை, காப்பி ஆறிவிட்டது என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று போனை வைத்தபின் யோசித்தார், காப்பி ஆறியதும் உண்மைதான். அவள் வர நேரமானால் ராகுகாலம் பிடித்துக்கொள்ளும், ராகுகாலத்தில் மறுபூஜை ஆகாது, ராகுகாலம் முடிந்தால் நாச்சிமுத்துவின் வண்டி வாசலில் நிற்கும், கேனுக்கு நெற்றியில் பொட்டு, மேசைக்கு உள்ளே பொட்டு, தனக்கு இடுப்பில் ஸ்பிரிங். ஊரில் எங்கேயோ ஒரு குழந்தை அரிசி தின்பதற்கும் தன் நாற்காலிக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்கும் என்று யார் நினைத்தார்கள். எழுது கண்ணு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், அ ஒன்று எழுது, ஆவன்னா எழுதினாலும் சரி, கோழிக்கால் போட்டாலும் சரி, எழுதிவிட்டு உன் பெரியம்மாயியை அனுப்பு.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, வென்னீர் போட்டார். அடுக்களையில் மிக்சிக்கும் அரிவாள்மனைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு இருந்தது, குண்டாவுக்கு இல்லை, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவத்துக்கும் இல்லை. எப்படியானாலும் முதல் வேலை வென்னீரும் சோப்பும்தான், எடுத்ததுமே ஆல்கஹாலைக் கொண்டுபோனால் மேலே கிடக்கிற குங்குமத்தையும் கரைத்து ஆறு முழுக்கச் சிவப்பாக்கிவிடும். மேலே இருப்பது தண்ணீரில் போகட்டும், எண்ணெய் சோப்பில் போகட்டும், உள்ளே இறங்கியதற்கு மட்டும் கேன். இப்படி வரிசையாக நினைத்ததும் மனசு கொஞ்சம் உட்கார்ந்தது. பழைய வேட்டியை நாலாகக் கிழித்தார். கிழிக்கிற சத்தம் நன்றாக இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

கோகிலா உள்ளே வரும்போதே சேலைத் தலைப்பில் அரிசி ஒட்டியிருந்தது. அவர் கட்டிவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை, கையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் மேசையைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி இன்னொரு தரம் பார்த்தாள். வாழைக்கன்று ஆடியது, ஆறு ஆடியது, அந்தப் பஞ்சுமிட்டாய்ப் புள்ளி மட்டும் ஆடவில்லை.

"குங்குமம் சாமிக்குன்னு வெச்சதுங்க," என்றாள் கடைசியில். "உள்ள போய்ப் படுத்துக்கச் சொல்லி நான் சொல்லலை."

அதற்குப் பிறகு அவள் கை பறந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது, இந்த மனுசியிடம் சொல்வதற்கா சொல் தேடிக்கொண்டிருந்தோம். முகம் கழுவி வந்தாள், கற்பூரம் ஏற்றினாள், மணி அடித்தாள், அவரையும் கும்பிடச் சொன்னாள், எல்லாச் சாமானையும் ஒருதரம் நகர்த்தி வைத்தாள், மறுபூஜை ஆயிற்று, வெளியே ராகுகாலம் இன்னும் தொடங்கவில்லை. விளக்கை அவர் வாய் திறந்து கேட்கவே இல்லை. சாமி வீட்டுக்குள்ள இருக்கட்டும், இங்க உங்க ஆவி அடிக்கும் என்று சொல்லி எரிகிற விளக்கை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சுடரைப் பார்த்தபடி மெதுவாக நடந்து வீட்டுப் பூஜையறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அணைக்கவும் இல்லை, மலையேற்றவும் இல்லை, இடம் மாற்றினாள், அவ்வளவுதான். திரும்பி வந்து மேசை மேல் இருந்த பொட்டுகளை ஈரப் பஞ்சால் ஊறவைத்து, தேய்க்காமல், வெற்றிலை நுனியால் ஒவ்வொன்றாக ஏந்தி எடுத்து வேறொரு கிண்ணத்தில் போட்டாள். வைத்த கையே எடுத்தால் குற்றமில்லை என்பதுபோல ஒரு முகம். கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் செம்பருத்தி வேரில் கொட்டினாள். எடுத்த இடமெல்லாம் சாயம் இருந்தது. படகுகள் போய்ப் படகுகளின் நிழல் மட்டும் ஆற்றில் நின்றது.

இனி அவருடைய வேலை. ஷட்டரைத் தூக்கியாச்சு, பின்ஜன்னலையும் திறந்தாச்சு. ஃபேன் சுவிட்சைத் தொடவில்லை, வருகிற காற்று போதும், சுவிட்சில் ஒரு பொறி வந்தாலும் போதும். கைக்கு மாட்டியாச்சா என்ற குரல் வந்தது, மாட்டியாச்சு, மாஸ்க்கும் மாட்டியாச்சு, மாஸ்க்கின் நெற்றிப் பொட்டு அவர் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. வென்னீரும் சோப்பும் போட்டு ஒருதரம், வெறும் தண்ணீரில் ஒருதரம், காய்ந்த துணியில் ஒருதரம். எண்ணெய் போனது, நிறம் கொஞ்சம் வெளிறியது, போகவில்லை. கேனைத் திறந்தார். மேசையில் ஊற்றவில்லை, துணியில் தொட்டுக்கொண்டார், முதலில் மேசைக்கு அடியில் யாரும் பார்க்காத ஒரு மூலையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். பளபளப்பு பளபளப்பாகவே இருந்தது, பிசுபிசுக்கவில்லை, துணியில் நீலம் வரவில்லை. முதல் புள்ளி. வெளியிலிருந்து உள்ளே, வட்டமாக, அழுத்தாமல், கன்றுக்குட்டி நெற்றியைத் தடவுகிறமாதிரி, துணியைத் திருப்பிப் புதுப்பக்கம், மறுபடி. துணியில் ரோஜா நிறம் வந்தது. வருகிறது. துணியில் வந்தால் மேசையில் இல்லை என்று அர்த்தம், இவ்வளவு எளிமையான கணக்கு உலகத்தில் வேறு இல்லை, துணியைத் தூக்கிக் கோகிலாவிடம் காட்டினார், அவள் ஷட்டருக்கு வெளியே நின்றபடி மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு தலையாட்டினாள். இரண்டாவது புள்ளி. மூன்றாவது. ஆல்கஹால் காற்றில் போகும்போது கையுறைக்குள் விரல் குளிர்ந்தது, ஆறு குளிர்கிறது என்று நினைத்தார், நினைப்பு எங்கெங்கோ போய்விட்டு வந்து அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்துகொண்டது, ஸ்பிரிங்கைக் கொஞ்ச நேரமாகக் காணோம். தலை சுற்றுமுன் வெளியே போய் நின்று வந்தார், இப்போது ஆடாகிவிட்ட அந்தக் குட்டியைப் பார்த்தார், சிரிக்கவில்லை, சிரித்தால் அவள் பார்ப்பாள். அழுக்குத் துணிகளை உருட்டி மூலையில் போடாமல் கொடியில் தனித்தனியாகக் காயப்போட்டார். கால்மாட்டில் கடைசிப் புள்ளி மட்டும் முழுசாகப் போகவில்லை. தரையில் முட்டி போட்டு ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து பார்த்தால் விடிகாலை மேகம் மாதிரி ஏதோ இருப்பது தெரியும், நின்று பார்த்தால் தெரியாது. இன்னொரு துடைப்பு என்று கை போனது. அழுத்தி ஒரு தேய்ப்பு. தாரிணியின் இழுப்பறையில் அந்தக் குப்பி. கை நின்றது. மீட்டிங் ரூமில் யார் முட்டி போடப்போகிறார்கள், போதும், விட்டுவிடு சென்னியப்பா என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு கேனை மூடினார். அந்த மேகம் இன்னும் இருக்கிறது என்கிற நினைப்பு மட்டும் மூடிக்குள் போகாமல் வெளியே நின்றது.

நாச்சிமுத்து வந்தபோது ஷெட்டில் வாசனைகூட இல்லை, வாழை வாசனைதான் இருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் டிரைவர், அதற்குப் பின்னால் தூக்குவதற்கு ஆட்கள். மேசையைச் சுற்றி ஒரு சுற்று வந்தார், எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. உள்ளங்கையை ஆற்றின் மேல் வைத்துத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை தடவிக்கொண்டே போனார், மேகம் இருக்கிற இடத்துக்கு அந்தக் கை வந்தது, நின்றது, தாண்டியது. மனிதர் இரும்பு வாங்கும்போதும் இப்படித்தான், பேசாமல் இருந்தால் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. சென்னியப்பனின் கை தானாக இடுப்புக்குப் போனது. முதலாளி நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார், டிரில்லைப் பார்த்தார், சாண்டரைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், அப்புறம் மேசையைப் பார்த்தார்.

"ஏப்பா சென்னி, டப்பாவுக்கெல்லாம் பொட்டு இருக்குது, மேசைக்கு எங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பெஞ்சின் மேல் பித்தளைக் கிண்ணம் இருந்தது, நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம் மிச்சம் இருந்தது, மோதிர விரலை அதில் அழுத்தி எடுத்துக்கொண்டார். விரல் சிவப்பாக, எண்ணெய் மினுங்க, நீல ஆற்றை நோக்கி வந்தது. சென்னியப்பன் வாயைத் திறந்தார். காலையிலிருந்து கட்டிய வாக்கியம் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, முதலாளி, குங்குமத்தை, மேசையில, வேண்டாம் என்று எப்படி.

"கால்லங்க," என்றாள் கோகிலா.

விரல் காற்றில் நின்றது.

"ரெசின் மேசைக்குப் பொட்டு கால்லதாங்க வைக்கோணும். எங்க வீட்டு வழக்கம் அதுங்க." கொஞ்சமும் கண் இமைக்காமல் சொன்னாள். "இரும்புல வெச்சாத்தான் அடுத்த வருசம் வரைக்கும் நிக்கும்."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். வழக்கம் என்று சொன்னபிறகு அவருக்கு மறுபேச்சு கிடையாது. அப்படியா அம்மிணி என்று கேட்டுவிட்டு, டிரைவர் தோளைப் பிடித்து, மூட்டு ஒருதரம் சொடுக்க, வேட்டியைச் சேர்த்துக்கொண்டு தரையில் முட்டி போட்டார். மீட்டிங் ரூமில் யாரும் முட்டி போடமாட்டார்கள், இங்கே போட்டுவிட்டாரே என்று சென்னியப்பன் கோகிலாவைப் பார்த்தார். அவர் நேராகக் காலுக்குப் போனார், ஒரு காலுக்கு வைத்தார், தவழ்ந்து அடுத்த காலுக்குப் போனார், ஒவ்வொன்றுக்கும் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். திரும்பும்போது கால்மாட்டில் ஜன்னல் பக்கமாக ஒருதரம் தலையைச் சாய்த்தார். சாய்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மேசைக்கு அடியில் அவருடைய தலை மறைந்தது, இருமல் கேட்டது, மரப்பலகையை விரல் கணுவால் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அடியிலிருந்தே குரல் வந்தது.

"சென்னி, அந்த ஸ்டோர்ஸ் நாற்காலிக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"பாருங்க சார்," என்றார் சென்னியப்பன். கொஞ்சம் யோசித்து, "ஸ்பிரிங்கை மாத்திக் குடுத்துருங்க சார், குத்தும்," என்றார்.

ஆட்கள் மேசையைத் தூக்கினார்கள். கால் பக்கம் பிடித்தவனுடைய கையில் குங்குமம் ஒட்டியது, அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வண்டி தெரு முனை திரும்புகிறவரை இருவரும் வாசலில் நின்றார்கள். இந்த வழக்கம் எப்போதிலிருந்து என்று கேட்கலாமா என்று சென்னியப்பன் நினைத்தார், கேட்காமல் இருப்பதே நல்லது என்றும் நினைத்தார், இரண்டு வருஷம் போனால் நாச்சிமுத்துவே ஊரெல்லாம் சொல்லி இது தாத்தா காலத்து வழக்கம் ஆகிவிடும். கோகிலா தலைப்பில் ஒட்டியிருந்த அரிசியை உதறிக்கொண்டிருந்தாள்.

"புள்ளை என்ன எழுதுச்சு?" என்று கேட்டார்.

"ஒரு கோடுங்க," என்றாள். "அதுவும் பக்கத்துல இருந்தவங்க சேலை மேல."